செம்பன் உட்கார்ந்த இடம்

கோம்பை
9.11.2024

அண்ணே,

சொல்லாமக் கொள்ளாமப் போயிட்ட. அம்மா எந்திரிச்சுப் பாத்தா உன் பாய் சுருட்டிக் கெடக்கு, பையக் காணோம். கெணத்துப் பக்கம் ஓடப் போனாக. நான்தான் நிப்பாட்டி, "பல் வெளக்குற பிரஷ்ஷ எடுத்துட்டுப் போயிருக்கான், சாகப் போறவன் பிரஷ் எடுக்கமாட்டான்"ன்னேன். அழுகைக்கு நடுவுல என்னைய ஒரு அடி அடிச்சாக. பெறகு ஜீப்பு ஓட்டுற ஏசுதாசன் அண்ணே வந்து, உன்னையக் கம்பம்மெட்டுக்கு மேல ஏலக்காத் தோட்டத்துல எறக்கிவிட்டதாச் சொன்னாப்ல. அங்கன போன் சிக்னல் கெடையாதாம்ல. கடுதாசி குடுத்தாக் கொண்டுபோய்ச் சேத்துருவேன்னாப்ல. காலேஜ விட்டு வந்து ஒரு வருசமாப் பேனாவத் தொடல. எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்க.

நீ போனது தப்புண்ணே. போனதால ஊரே பேசுது. "பாத்தியாடி, செஞ்சவன்தான ஓடுவான். நாய் சரியாத்தான் காட்டியிருக்கு."

அந்த நாய் வரிசைய நெனச்சா எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். எவனோ சுருளியாண்டி அய்யா தோட்டத்துல ஒரு ஏக்கர் திராட்சைக் கொடிய அடியோட வெட்டிப் போட்டுட்டான். வெட்டுன கவாத்துக் கத்திரி அங்கனயே கெடந்துச்சு. அத அய்யா வீட்டு நாய் செம்பனுக்கு மோப்பம் குடுத்து, தோட்டத்துல வேல பாக்குற முப்பது பேரையும் கோயிலுக்கு முன்னாடி நிக்க வச்சாக. அது ஒவ்வொரு காலா மோந்துக்கிட்டே வந்து உன் முன்னாடி உக்காந்துச்சு. அம்புட்டுத்தான் விசாரண. நாய் உக்காந்த பெறகு நம்ம ஊர்ல எவன் போலீசுக்குப் போறான்.

"தப்ப ஒத்துக்கிட்டு சாமி முன்னாடி விழுந்துரு, மன்னிச்சு விட்டுர்றேன். இல்லேன்னா ஊருக்குள்ள கால் வைக்காத"ன்னு அய்யா சொன்னப்ப நீ கல்லு மாதிரி நின்ன. "நான் இல்ல"ன்னு ஒரு தடவ கத்தியிருக்கலாம்ல.

மதினிய அவுக அப்பா சின்னமனூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. ஏழு மாசத்து வயித்தத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறுச்சு. "மாப்ள பேரு சுத்தமாகட்டும், அப்பத்தான் தாயும் பிள்ளையும் அங்கன வரும்"ன்னு சொல்லிட்டாக.

நான் சுத்தி வளைக்கல. நீ வெட்டுனியா? ஆமா, இல்ல, ஏதாவது ஒரு வார்த்த எழுது.

பாண்டீஸ்வரி


கம்பம்மெட்டுத் தோட்டம்
14.11.2024

அன்புத் தங்கை பாண்டிக்கு அண்ணன் கார்த்திக்ராஜ் எழுதுவது.

நான் வெட்டவில்லை. நீ கேட்டபடி அதை முதலில் எழுதிவிட்டேன்.

ஏன் கத்தவில்லை என்று கேட்கிறாய். செம்பன் வந்து உட்கார்ந்ததும் என் வலப்பக்கம் நின்றவர் ஒரு அடி தள்ளிப் போனார். பிறகு இடப்பக்கம் நின்றவரும் தள்ளினார். ஏழு வருடம் அவர்களோடு ஒரே பந்தலுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் தள்ளிப் போனதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

இங்கே கூலியாட்கள் தங்கும் லயத்தில் ஒரு அறைக்கு நான்கு பேர். மற்ற மூன்று பேரும் ஜார்க்கண்ட் பையன்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அதனால் யாரும் எதையும் கேட்பதில்லை. அது ஒரு நிம்மதி. சூப்பர்வைசர் சேட்டன் மட்டும் "எந்தா கார்த்தி, நாட்டில் போகண்டே?" என்று, ஊருக்குப் போக வேண்டாமா என்பது போலக் கேட்பார். சிரித்து வைப்பேன். நாள் முழுக்க ஏலச்செடிக்கு அடியில் குனிந்தே நிற்பதால் அட்டை ஏறுவது தெரிவதில்லை. சாயங்காலம் காலைப் பார்த்தால் ரத்தம் ஓடியிருக்கும்.

செம்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குப் பயமே அதுதான். நானும் செய்யவில்லை, நாயும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்கும்? படுத்தால் இதே யோசனை.

உமாவைப் போய்ப் பார். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாளா என்று கேள். அந்த வாடை அவளுக்குப் பிடிக்காது, தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவாள்.

நீ என்ன நினைக்கிறாய் என்பது உன் கடிதத்தில் இல்லை.

அண்ணன்


கோம்பை
23.11.2024

அண்ணே,

மதினியப் பாத்தேன். மாத்திர போடுது. அவுக அப்பா என்னைய உள்ள வரச் சொல்லல. வாசல்ல நின்னே பேசுனேன். காப்பி மட்டும் வாசலுக்கு வந்துச்சு.

நான் என்ன நெனைக்கிறேன்னு கேட்டல்ல. நெனப்ப நான் நம்புறதில்ல. கணக்குப் போட்டேன்.

நான் காலேஜ விட்டதே அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரால. அதுல ஒரு யூனிட்டு, பேயஸ் தேற்றம். அப்ப வகுப்புல தூங்கிட்டேன். இப்ப ஜெராக்ஸ் கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் போன்ல வீடியோ போட்டுப் படிக்கிறேன். பரிச்சைக்கு இல்ல, உனக்கு. அது சொல்றது இம்புட்டுத்தான். புதுசா ஒரு சாட்சி வந்தா, அதுக்கு முந்தி நீ என்ன நெனச்சிருந்தியோ அதத் தூக்கிப் போட்டுறாத. அதையும் சாட்சியையும் சேத்துக் கணக்குப் போடு.

ஏலக்காய எடுத்துக்க, முந்நூறு காய். நம்ம வரிசையில முப்பது பேருல ஒருத்தன் குத்தவாளின்னா, அதே மாதிரி பத்து வரிசைக்கு முந்நூறு பேரு, பத்துக் குத்தவாளி. அந்தப் பத்தத் தனியா வை. செம்பன் பத்துக்கு ஒம்பது சரியாச் சொல்லும்னு வச்சுக்குவோம், அம்புட்டுப் பெரிய மனசு எனக்கு. பத்துக் குத்தவாளியில ஒம்பது பேர் முன்னாடி உக்காரும். மிச்சம் இருநூத்தித் தொண்ணூறு பேரு ஒரு பாவமும் அறியாதவுக. அவுகள்ல பத்துக்கு ஒண்ணு தப்பிப் போச்சுன்னா, இருபத்தொம்பது பேர் முன்னாடி சும்மாவே உக்காரும். இப்ப நாய் உக்காந்த காய மட்டும் ஒண்ணாக் குவி. முப்பத்தெட்டு. அதுல நெசமான குத்தவாளி ஒம்பதுதான். நாலுல ஒண்ணு கூட முழுசா வரல.

ஊரு என்ன பண்ணுது? நாய் பத்துக்கு ஒம்பது சரி, அதனால கார்த்தி வெட்டுனதும் பத்துக்கு ஒம்பது சரிங்குது. ரெண்டும் வேற வேற கேள்விண்ணே. ஊர்ல எவனுக்கும் இது வெளங்கமாட்டேங்குது. எனக்கு வெளங்குறதுக்கே மூணு வீடியோ ஆச்சு.

இன்னொண்ணு. செம்பன் இதுவரைக்கும் தப்புனதே இல்லேங்குறாக. எப்பிடித் தப்பும்? அது எவன் முன்னாடி உக்காருதோ அவனத்தான் திருடன்னு முடிவு பண்றோம். அதுக்குப் பெறகு வேற யாரையும் தேடுறதில்ல. பரிச்ச எழுதுறதும் நாய், பேப்பர் திருத்துறதும் நாய்.

பாண்டி


கம்பம்மெட்டுத் தோட்டம்
2.12.2024

அன்பு பாண்டி,

ஏலக்காயை எண்ண முடியாது. ஒரு காய் பையில் இருந்தாலும் வாசலில் பிடித்துவிடுவார்கள். பொடிக் கல்லாகப் பொறுக்கி எண்ணினேன். நான் ஏதோ சூதாடுகிறேன் என்று ஜார்க்கண்ட் பையன்கள் மூன்று பேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். உன் கணக்கு சரிதான். முப்பத்தெட்டில் ஒன்பது.

எண்ணி முடித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றியது. அந்த முந்நூறு கல்லில் நான் எந்தக் கல்? முந்தி என்ன நினைத்திருந்தாயோ அதைத் தூக்கிப் போடாதே என்று நீயேதான் எழுதினாய். பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறாய். அப்பா போன பிறகு உன்னை யார் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டது? படிப்பை விட்டு வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் உன் பெட்டியை இறக்கியது யார்? அவ்வளவையும் வைத்துக்கொண்டு, நாய் வருவதற்கு முன்பே நான் உனக்கு மற்ற இருபத்தொன்பது பேரைப் போல ஒருவன்தானா? அது முடிந்து இப்போது நாலில் ஒன்று நான் வெட்டியிருப்பேனா?

அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏசுதாசன் அண்ணனிடம் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

கோபத்தில் எழுத்து கோணுகிறது என்று நினைத்துவிடாதே. உள்ளங்கை முழுவதும் கொப்புளம். இங்கே கத்திப் பிடியெல்லாம் மொட்டையாக இருக்கிறது. நம் தோட்டத்தில் என்றால் யாருக்கும் கை உரியக் கூடாதென்று என் பழைய கைலியைக் கிழித்து எல்லாக் கத்திரிப் பிடிக்கும் நானே சுற்றி வைத்துவிடுவேன். இங்கே என்னிடம் இருப்பது ஒரே கைலி.

அண்ணன்


கோம்பை
8.12.2024

அண்ணே,

உன் கடுதாசியோட கடைசி அஞ்சு வரிய நான் நூறு தடவ படிச்சிட்டேன். நீ ஒரு மடையன். இத அன்னைக்கே சொல்லியிருக்க வேணாமா?

எல்லாக் கத்திரிக்கும் உன் கைலியத்தான் சுத்தியிருக்க. உன் வேர்வ ஏறுன துணி. அப்பன்னா அந்தக் கத்திரிய எவன் எடுத்து வெட்டியிருந்தாலும் செம்பன் உன் முன்னாடிதான் உக்காந்திருக்கும். நாய் பொய் சொல்லல. நீயும் பொய் சொல்லல. நீ தூக்கம் வராமக் கேட்டியே, அதுக்கு இதான் பதில். அதுகிட்ட "இது யார் வாடை"ன்னு கேட்டோம், சரியாச் சொல்லுச்சு. "யார் வெட்டுனா"ன்னு நம்ம காதுல வாங்கிக்கிட்டோம்.

கணக்குல இத இப்பிடிப் போடணும். நீ வெட்டியிருந்தா நாய் உன் முன்னாடி உக்கார எம்புட்டு வாய்ப்பு? பத்துக்கு ஒம்பது. வெட்டலேன்னா? அதுவும் பத்துக்கு ஒம்பது. ரெண்டும் சமமா இருந்தா அது சாட்சியே இல்ல. மொதல்ல எங்கன இருந்தமோ அங்கனயே நிக்கிறோம். நாலுல ஒண்ணு அழிஞ்சு போச்சு. மறுபடி முப்பதுல ஒண்ணு.

சரி, உன் சண்டைக்கு வாரேன். உனக்கு ஏன் பூச்சியம் வைக்கலன்னு கேக்குற. பூச்சியம் வச்சா எதால பெருக்குனாலும் பூச்சியம்தான். நாளைக்கு நீயே வந்து வெட்டுனதக் கண்ணால பாத்தாக் கூட என் கணக்கு நகராது. அம்மா அப்பிடித்தான் வச்சிருக்காக. சுருளியாண்டி அய்யா அந்தப் பக்கம் நூத்துக்கு நூறு வச்சிருக்காக. ரெண்டு பேரும் இனிமே எதையும் கேக்கப் போறதில்ல. நானும் அப்பிடி வச்சுட்டா உனக்காகப் பேச ஊர்ல ஒரு ஆள் இருக்காது. இது உனக்குப் பிடிக்கலேன்னாலும் பரவாயில்ல.

நான் ஒரு காரியம் பண்ணப் போறேன். என் ஷாலக் கிழிச்சு ஒரு கத்திரிக்குச் சுத்தி, வேற ஒரு ஆள் கையில குடுத்து கவாத்து வெட்டச் சொல்லப் போறேன். மறுநா வரிசை. நானும் நிக்கிறேன். செம்பன் வெட்டுனவன் முன்னாடி உக்காருதா, சுத்துனவ முன்னாடி உக்காருதான்னு ஊரே பாக்கட்டும்.

பாண்டி


கம்பம்மெட்டுத் தோட்டம்
13.12.2024

பாண்டி,

ஏசுதாசன் அண்ணன் ஜீப்பைக் கிளப்பாமல் நிற்கிறார், அதனால் நாலு வரி. அந்தச் சோதனை வேண்டாம். நீ சொல்வது எனக்குப் புரிகிறது, எனக்குப் புரிந்து பிரயோசனமில்லை. அய்யாவின் நாயை அய்யாவின் கோயில் முன்னால் நிறுத்திச் சோதிக்க நீ யார் என்றுதான் கேட்பார்கள். உன்னை இதில் இழுத்துவிட்டுவிடுவார்கள். கடையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடு.

துணி விஷயம் அம்மாவிடம் சொன்னாயா? அவளுக்குச் சொல். அது போதும் எனக்கு.

அண்ணன்


கோம்பை
22.12.2024

அண்ணே,

உன் கடுதாசி வர்றதுக்குள்ள நான் செஞ்சுட்டேன்.

அய்யா வீட்டுக்கே போய்க் கேட்டேன். "செம்பனச் சோதிக்கணுமா ஆத்தா? சோதிச்சுக்க. தங்கத்த ஒரசிப் பாத்தா தங்கத்துக்கு என்ன நட்டம்"ன்னு சிரிச்சாக. வெட்டுறதுக்கு ஒரு ஆள் கெடைக்கல. கத்திரிய நீட்டுனா பாம்பப் பாத்த மாதிரி ஒதுங்குறாக. கடைசியா முத்துக்குமரன்தான் வாங்குனான். மோட்டார் பாக்க வர்ற பையன், உன்னைய விட ரெண்டு வயசு எளையவன், ஒல்லியா இருப்பான்ல. "கார்த்தி அண்ணே வெட்டியிருக்காது, எனக்குத் தெரியும்"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். ஒரு காலப் பொழுது முழுக்க என் ஷால் சுத்துன கத்திரியால கவாத்து வெட்டுனான்.

மறுநா வரிசை. நான் மொதல்லயே சத்தமாச் சொல்லிட்டேன். "வெட்டுனது முத்துக்குமரன். நாய் அவன் முன்னாடி உக்காந்தா அது வெட்டுனவனக் காட்டுது. என் முன்னாடி உக்காந்தா துணி சுத்துன ஆளக் காட்டுது. எல்லாரும் சாட்சி." எல்லாரும் தலைய ஆட்டுனாக. அய்யாவும் ஆட்டுனாக.

செம்பன் முத்துக்குமரன மோந்து பாத்துச்சு. தாண்டி வந்துச்சு. என் முன்னாடி வந்து உக்காந்துச்சு. நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையவே பாத்துச்சு. அண்ணே, எனக்கு அதக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு. கணக்கு அப்பிடியே கண்ணு முன்னாடி வந்து உக்காந்த மாதிரி.

பெறகு அய்யா சொன்னாக, "அன்னைக்கு அண்ணனக் காட்டுச்சு. இன்னைக்குத் தங்கச்சியக் காட்டுது. ஒரு ஏக்கர ஒத்த ஆளு எப்பிடி வெட்டியிருப்பான்னு நானும் யோசிச்சேன்."

அம்புட்டுப் பேரும் "ஆமா, ஆமால்ல"ங்குறாக. நான் சிரிச்சுட்டேன். சிரிப்பு அடக்க முடியல. அதையும் திமிருங்குறாக. இன்னைக்குப் பிடிச்ச கத்திரிக்கும் அன்னைக்கு வெட்டுன கத்திரிக்கும் என்ன சம்பந்தம்னு முத்துக்குமரன் கேட்டான். "உனக்கென்னடா அவ மேல அக்கற"ன்னு அவன உக்கார வச்சுட்டாக.

நூறு வச்சவுகளுக்கு எதிராச் சாட்சி கொண்டு போகக் கூடாதுண்ணே. அதையும் சேத்துக்கிட்டு நூறாவே நிக்கிறாக. இது வீடியோவுல இருந்துச்சு. நான்தான் வேகமா ஓட்டிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில நாளையில இருந்து வர வேணாம்னுட்டாக. அம்மா தெனமும் அய்யா வீட்டு வாசல்ல போய் நிக்கிறாக. போகாதீகன்னு சொன்னா என் கூடப் பேசமாட்டேங்குறாக. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலண்ணே. எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் பண்ணிட்டேன்.

பாண்டி


கோம்பை
19.1.2025

அன்பு பாண்டி,

போன் அடித்தால் கட் பண்ணுகிறாய். அம்மா போனில் இருந்து பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் அம்மாவிடம் உன் முகவரியை வாங்கி மறுபடி கடிதம். இப்போது நான் ஊரில், நீ வெளியே.

நடந்ததை ஊரில் யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். பொங்கலுக்கு முதல் நாள் இறங்கி வந்தேன். கோயில் முன்னால் விழுந்தேன். "நான்தான் வெட்டினேன், நான் மட்டும்தான், தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அய்யா கைதூக்கி எழுப்பி விபூதி பூசிவிட்டார். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அவ்வளவு பிரியமாக நடந்ததில்லை.

நான் விழுந்த அன்று நீ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய். ஏன் செய்தாய் என்று கேட்காமலே போய்விட்டாய். உன்னை அடுத்த வரிசையில் நிற்க வைத்து மொட்டை அடிக்க வேண்டும் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை ஏசுதாசன் அண்ணன் கேட்டுவிட்டு மலைக்கு வந்து என்னிடம் சொல்லியிருந்தார். உமாவுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. வேறு என்ன செய்வேன், நீயே சொல்.

உமா வந்துவிட்டாள். மாமனார் வளைகாப்புச் சீரோடு கொண்டுவந்து விட்டார். "நீங்க செஞ்சீகளா?" என்று இன்றுவரை உமா கேட்கவில்லை. அம்மா கேட்காமல் இருந்தது வேறு, இவள் கேட்காமல் இருப்பது வேறு என்று தோன்றுகிறது.

நீ கணக்குப் போடுகிறவள். ஒரே ஒரு கேள்வி. இப்போது நான் உனக்கு எவ்வளவு?

அண்ணன்


பழனிசெட்டிபட்டி
26.1.2025

அண்ணே,

நான் நல்லா இருக்கேன். ஜெபஷீலா அக்கா பாத்திரக் கடையில பில் போடுறேன். மாடியில ஒரு ரூம்பு குடுத்திருக்காக. அக்கா என்னையப் பத்தி ஒண்ணும் விசாரிக்கல. "கணக்கு வருமா?"ன்னு மட்டும் கேட்டாக. "அது மட்டுந்தான் வரும்"ன்னேன்.

கோபமான்னு கேட்டா, ஆமா. எனக்காக விழுந்தேங்குற. நான் கேட்டேனா? மொட்ட அடிச்சா முடி மொளைச்சிரும். நீ சொன்னது மொளைக்காது.

உன் கேள்விக்குப் பதில். ஒத்துக்கிறதும் ஒரு சாட்சிதான், அதனால அதையும் கணக்குல போட்டுத்தான் பாக்கணும். நீ வெட்டியிருந்தா, மதினிக்காகவும் எனக்காகவும் ஒத்துக்கிட்டிருப்ப. வெட்டலேன்னாலும் மதினிக்காகவும் எனக்காகவும் ஒத்துக்கிட்டிருப்ப. ரெண்டு பக்கமும் ஒரே எடை. அப்ப ஒண்ணும் நகரல. கைலித் துணி மாதிரித்தான் இதுவும். முப்பதுல ஒண்ணு. அங்கனயே நிக்கிது.

உனக்கு வேற பதில் வேணும்னு தெரியுது. எழுத உக்காந்தேன். பொய்யா ஒரு நம்பர் எழுதுறதுக்குக் கை வரல. நீ ஒரு பொய் சொன்னது போதாதா, நானும் வேற சொல்லணுமா.

ஆனா ஒண்ணு. எனக்குத்தான் நகரல. ஊருக்கு? செம்பன் காட்டுன ஆளு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இதுக்கு முந்தி அது தப்புனதில்லன்னு வெறும் பேச்சாச் சொன்னாக. இப்ப கையில ஆதாரம் இருக்கு. நீதான் ஆதாரம். அடுத்து அது எவன் முன்னாடி உக்காரும்னு யோசிச்சியா?

மதினிக்கு வலி வந்தாப் போன் பண்ணு. அந்த ஒரு போன எடுப்பேன்.

பாண்டி


கோம்பை
24.2.2025

அன்பு பாண்டி,

போனில் குழந்தை அழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு நீ ஒரு வார்த்தை பேசாமல் வைத்தாய். பெண் குழந்தை. அம்மா உன் மூக்கு என்கிறாள். உமா நன்றாக இருக்கிறாள்.

இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது.

சுருளியாண்டி அய்யா தோட்டத்தில் போர்வெல் மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்த முனையைச் செம்பனுக்குக் கொடுத்து வரிசை வைத்தார்கள். நானும் நின்றேன். உமா குழந்தையோடு கூட்டத்தில் நின்றாள். மாமனாரும் வந்திருந்தார்.

செம்பன் என்னை மோந்துவிட்டுத் தாண்டிப் போனது. அப்போது என் மனதில் வந்த நிம்மதியை உன்னிடம் எப்படிச் சொல்வது. அது போய் முத்துக்குமரன் முன்னால் உட்கார்ந்தது.

"நேத்து மோட்டாரக் கழட்டி மாட்டுனது நான்தான. ஒயர் முழுக்க என் கைதான பட்டிருக்கு. வாடை இருக்கத்தான செய்யும்" என்றான். சரியாகத்தான் சொன்னான். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னான்.

அய்யா என் பக்கம் திரும்பினார். "ஏலே கார்த்தி, இங்கன வா. நீயே இவனுக்குச் சொல்லு. அன்னைக்குச் செம்பன் உன்னையச் சரியாத்தான காட்டுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்துக்குமரனும் பார்த்தான். அவன் பார்வையில் பயமே இல்லை. நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றான். குழந்தை சிணுங்கியது. உமா அதைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை. ஆட்டினேன்.

அவன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் கால் வைக்காதே என்று அவனிடமும் அய்யா சொல்லிவிட்டார். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுச் சொல்.

அண்ணன்


பழனிசெட்டிபட்டி
3.3.2025

அண்ணே,

பாப்பாவுக்கு என்ன பேருன்னு எழுதாம விட்டுட்ட.

முத்துக்குமரன் நேத்து இங்கன வந்தான். பஸ்ஸ விட்டு எறங்கி நேராக் கடைக்கு வந்தான். கையில ஒரு கட்டப்பை, அதுல ரெண்டு சட்ட. திருப்பூருக்குப் போறானாம். கடையில கூட்டம், அதனால வெளிய அண்டா அடுக்கியிருக்கிற எடத்துல நின்னு பேசுனோம்.

"உன்னைய ஒண்ணு கேக்கணும். நீதான் எல்லாத்தையும் கணக்குப் போட்ட ஆளு. உங்க அண்ணே நெசமாவே கொடிய வெட்டுனாப்லயா?"

வாயத் தொறக்குறதுக்குள்ள எனக்கு எல்லா நம்பரும் வந்துச்சு. முப்பத்தெட்டுல ஒம்பது, முப்பதுல ஒண்ணு, எல்லாம். அவன் மூஞ்சியப் பாத்தேன். கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு.

"வெட்டல"ன்னேன்.

"உறுதியா?"

"உறுதியா."

எனக்கு உறுதியெல்லாம் கெடையாதுண்ணே. உறுதிங்குறவுகளத்தான் நான் இம்புட்டு நாளா வஞ்சேன். ஆனா அப்பிடித்தான் வாயில வந்துச்சு. நீ அந்த மலையில இருந்து கேட்டுக் கேட்டு நான் எழுதாதது, அவன் கேட்டதும் வந்துருச்சு. உன்கிட்டச் சொல்லியிருக்க வேண்டியது. அவன்கிட்டப் போயிருச்சு.

அவன் கட்டப்பைய இன்னொரு கைக்கு மாத்துனான். "அப்ப அவருக்குத் தெரியும். நாய் தப்புங்குறது ஊர்லயே அவர் ஒருத்தருக்குத்தான் முழுசாத் தெரியும். தெரிஞ்சேதான் தலைய ஆட்டுனாப்ல." அவன் சத்தம் போடல. ஒரு சந்தேகம் தீந்த மாதிரி சொன்னான். அவன் கேட்டது நல்லதுக்குன்னு நெனச்சு நான் சொன்னேன். வெட்டுனாருன்னு சொல்லியிருந்தா அவனுக்கு இன்னும் லேசா இருந்திருக்குமோ என்னமோ.

திருப்பூர் பஸ் வந்துச்சு. ஏறிட்டான். டீ கூடக் குடிக்கல.

நீ கேட்ட கணக்கப் போட்டுப் பாத்தேன். அன்னைக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா? திருடனுக்குத் திருடன் ஒத்தாசைன்னு சொல்லியிருப்பாக. அய்யா நூறுலதான் நின்னிருப்பாக. உன்னைய மறுபடி மலைக்கு ஏத்தியிருப்பாக, மதினி மறுபடி சின்னமனூரு போயிருக்கும். நீ ஆமான்னு ஆட்டுனாலும் இல்லன்னு ஆட்டுனாலும் முத்துக்குமரன் இந்த பஸ்ஸுலதான் ஏறுறான். இத உனக்கு ஆறுதலா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். படிச்சுப் பாத்தா ஆறுதலா இல்ல. ஊரப் பொறுத்தவரைக்குந்தான் ரெண்டும் ஒண்ணு. அவன் உன்னையத்தான பாத்துக்கிட்டு நின்னான்.

அவன் போன் நம்பர் கீழ எழுதியிருக்கேன். கேட்டு வாங்குனேன், எதுக்குன்னு அவன் கேக்கல. போடுறதுன்னா நீயே போடு. எடுப்பானான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத.

பாண்டி